வேண்டாம் டப்பா

1

இந்தக் கதை கதையாகப் பிறந்ததல்ல. ஒரு வார இதழின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, வீட்டுச் செலவைத் திட்டமிடுவது எப்படி, அன்றாட வாழ்க்கையில் நாலு காசு மிச்சம் பிடிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை கேட்டார். நடைமுறைக்கு ஒத்து வருகிற மாதிரி இருக்க வேண்டும், படிப்பவர்கள் அடுத்த மாதமே பலன் காண வேண்டும் என்றும் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டில் குடைகள் மட்டும் ஒரு கத்தை இருக்கின்றன. மழை வரும்போதெல்லாம் நான் தெருவிலும் குடை வீட்டிலும் இருப்போம். உடனே பக்கத்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவிடுவேன். மாதத்தின் முதல் வாரத்தில் நான் மகாராணி. கடைசி வாரத்தில், தங்கை வீட்டுப் பக்கம் ஏதோ வேலையாகப் போவதுபோல் போய், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு மணியை அழுத்துகிறவள். இப்படிப்பட்டவளிடம் போய்க் கேட்டது ஆசிரியரின் தவறு, ஒப்புக்கொண்டது என் தவறு. ஆளுக்குப் பாதி.

உட்கார்ந்து எழுதினேன்.

[வருமானம் என்பது ஒரு நதி என்றால், செலவு என்பது அதன்

வேண்டாம். நதியை எழுத நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

[ஒவ்வொரு குடும்பத் தலைவியும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய

இதுவும் சரியில்லை. தலைவி மட்டும் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? தலைவனுக்கு என்ன கேடு?

என் தங்கை வங்கியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் பணத்தைக் கையாண்டுவிட்டு, விடுமுறை நாளில் என் எழுத்தைப் படித்துத் திருத்துவாள். இரண்டு வரிகளையும் பார்த்தாள். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, உனக்கு வராத விஷயத்தை நீயே சொல்லாத. வர்ற ஆளு யாரையாவது பிடிச்சு, அவரைப் பத்தி எழுது" என்றாள்.

அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. என் நண்பர்கள் எல்லோரும் குடை வாங்குகிற சாதி. அதனால் ஒருவனை நானே உண்டாக்கினேன். கட்டுரை போய்க் கதை வந்து உட்கார்ந்துகொண்டது அப்படித்தான். ஆசிரியருக்கு இன்னும் சொல்லவில்லை.

2

அவன் தையல்காரன். நானே உண்டாக்கியவன் என்பதால் உரிமையோடு 'அவன்' என்கிறேன், மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். தெருவில் எல்லோரும் அவனைச் 'சிக்கனம்' என்று கூப்பிடுவார்கள். "சிக்கனம் இருக்காரா?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். அவனுக்கு அதில் கோபம் கிடையாது. பட்டம் கொடுத்தவர்களுக்குப் பைசா செலவில்லையே என்று சந்தோஷப்படுகிற ஆள்.

முதலில் அவனைக் கஞ்சனாக எழுதிப் பார்த்தேன். ஒரு தீக்குச்சியை இரண்டாகப் பிளப்பான், விருந்தாளி வந்தால் விளக்கை அணைப்பான் என்றெல்லாம் போட்டேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. கஞ்சனைப் பார்த்துச் சிரிக்கலாம், அவனோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது. எனக்கோ இவனோடு சில நாட்கள் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

பிறகு அவன் துணி வெட்டுவதை எழுதினேன். அப்போதுதான் ஆள் பிடிபட்டான்.

துணியை மேசைமேல் விரித்துப் போட்டால் உடனே கத்தரியை எடுக்க மாட்டான். சுற்றிச் சுற்றி வருவான். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று பெரிய துண்டுகளுக்குச் சுண்ணக்கட்டியால் இடம் போடுவான். அவற்றின் இடுக்கில் காலர், பட்டை, பை. மற்ற தையல்காரர்கள் குப்பையில் தள்ளுகிற கோணல் மூலையிலிருந்து ஒரு சட்டைப்பையைக் கறந்துவிடுவான். எல்லாம் போக மிஞ்சுகிற துண்டை மடித்து, சட்டையோடு சேர்த்துத் துணிக்குச் சொந்தக்காரரிடமே கொடுத்துவிடுவான். இந்தக் கடைசி விஷயத்தால் அவனைக் கஞ்சன் என்று சொல்ல இனி யாருக்கும் வாய் வராது.

வீட்டுப் பணத்தையும் அவன் அப்படித்தான் வெட்டினான். சம்பளம் வந்ததும் மேசைமேல் பரப்பி வைத்து, வாடகை, பள்ளிக்கூடம், மளிகை என்று பெரிய துண்டுகளை முதலில் எடுத்து வைப்பான். பிறகு மருந்து, சோப்பு, பேருந்து. கடைசியில்தான் தேநீர், மிட்டாய். மிஞ்சியது சேமிப்பு. சின்னத் துண்டுகளை முதலில் வெட்டிவிட்டு, முதுகுக்குத் துணி போதவில்லையே என்று அழக் கூடாது என்பது அவன் கட்சி.*

* கட்டுரைக்காகக் காசு கொடுத்து இதழ் வாங்கியவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். இதைவிட உருப்படியான யோசனை இந்தப் பக்கங்களில் வராது. மற்றவர்கள் வாருங்கள்.

3

அடுத்து மனைவி.

[அவன் மனைவிக்கு நகை என்றால் உயிர். மாதம் பிறந்தால்

இதைத் தங்கை கண்டால் கையெழுத்துப் படியைக் கிழித்துவிடுவாள். வரியை அடித்தேன்.

அவளைப் பேருந்து ஓட்டுநர் ஆக்கினேன். ஆக்கிய உடனே அவள் என் பிடியிலிருந்து நழுவித் தானாக நடமாடத் தொடங்கிவிட்டாள். விடியுமுன் கிளம்புகிற முதல் பேருந்து அவளுடையது. சந்தைக்குப் போகிறவர்கள், மருத்துவமனையில் ஷிப்ட் மாறுகிற தாதியர், துப்புரவுப் பணியாளர்கள், எல்லோரும் அவள் வண்டியில்தான் தூங்கிக்கொண்டே போவார்கள். நண்பகலில் வீடு திரும்பி, கையைக் காலைக் கழுவிச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். அவளுக்கு அதுதான் ராத்திரி.

இங்கேதான் சிக்கல். அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே அறை, அதன் ஒரு மூலையில் அடுப்பு. இன்னொரு மூலையில் தையல் இயந்திரம். அவள் தூங்கும் நேரம்தான் அவன் தைக்கும் நேரம். அது பள்ளிச் சீருடைப் பருவம் வேறு, வருஷத்து வருமானத்தில் பெரிய துண்டு அதில்தான் வருகிறது. இயந்திரம் டகடகவென்று ஓட, அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலைமேல் தலையணையை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் புரளுவாள். அவன் இயந்திரத்துக்கு அடியில் பழைய போர்வையை மடித்து வைத்தான். போர்வை மட்டும் நசுங்கியது. மாடிப்படிக்கு அடியில் இயந்திரத்தைக் கொண்டுபோய்ப் போட்டான். போகிற வருகிற எல்லோரும் முழங்காலை இடித்துக்கொண்டு புகார் சொன்னார்கள். அவள் தூங்குகிற நேரத்தில் கையாலேயே தைத்துப் பார்த்தான். பள்ளி திறந்து பிள்ளைகள் பாதிச் சட்டையோடு போக வேண்டிய நிலை வந்தது.

ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்தும் அவள் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். வீட்டுக்கு வந்து அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். பின்னால் நின்ற லாரிக்காரர் திட்டியதை அப்படியே நடித்துக் காட்டினாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பயந்துபோனான். பேருந்து நிறைய ஆட்கள், அதை ஓட்டுகிறவள் தன் பெண்டாட்டி, அவளைத் தூங்கவிடாதவன் தான். அந்த எண்ணத்தோடு அன்று அவனுக்கு ஒரு பொத்தான்கூட நேராகத் தைக்க வரவில்லை.

அடுத்த தெருவில் ஒரு மாடி வீடு காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டான். இரண்டு அறை. நடுவில் ஒரு கதவு. வாடகை சமாளிக்கக்கூடியதுதான், அட்வான்ஸ்தான் மலைப்பாக இருந்தது. சீருடைப் பருவம் முடிகிற சமயத்தில் வீடு காலியாகும், அதற்குள் தொகையைச் சேர்த்துவிட வேண்டும்.

இந்தக் கதையில் யாருக்கும் வைர மோதிரம் வேண்டாம், வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ஒரு கதவு.

4

ஆகவே டப்பா.

யாரோ பரிசாகக் கொடுத்த பிஸ்கட் டப்பா. மூடியில் காசு போகிற அளவுக்கு ஒரு கீறல் போட்டு, சுற்றிலும் நாடாவை ஒட்டி அலமாரிமேல் வைத்தான். மகளையும் மனைவியையும் உட்கார வைத்துச் சட்டத்தை அறிவித்தான். ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றி, அதை வேண்டாம் என்று விட்டுவிட்டால், அதன் விலையை அந்த நாளே டப்பாவில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். மகள் அதற்கு 'வேண்டாம் டப்பா' என்று பெயர் வைத்தாள்.

மகளை அறிமுகப்படுத்த மறந்துவிட்டேன். வீட்டில் அவளை வாண்டு என்பார்கள். பள்ளிக்குப் போகிறாள், கணக்கில் கெட்டிக்காரி, சட்டத்தில் அதைவிட.

முதல் சில நாட்கள் ஒழுங்காகப் போயிற்று. அவன் மாலைத் தேநீரை விட்டான், தேநீர்க் காசு டப்பாவுக்குப் போனது. வாண்டு ஐஸ்கிரீமை விட்டாள், ஐஸ்கிரீம் காசு போனது. ஓட்டுநர் எதுவும் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, தனக்குத் தூக்கத்தைத் தவிர எதுவுமே வேண்டும் என்று தோன்றவில்லை, அதைக் கடையில் விற்கிறார்களா என்று விசாரித்துச் சொன்னால் வேண்டாம் என்று விட்டுவிடுவதாகச் சொன்னாள்.

பிறகு ஒரு சாயங்காலம், அப்பாவும் மகளும் நூல்கண்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். சைக்கிள் கடை வாசலில் வாண்டு நின்றாள். சிவப்பாக ஒன்று, முன்னால் கூடை வைத்தது. நெடுநேரம் பார்த்தாள். அவன் அவள் கையைப் பிடித்து மெல்ல இழுத்தான்.

"அப்பா, எனக்கு அந்தச் சைக்கிள் வேணாம்" என்றாள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் இந்தப் பக்குவமா என்று அவள் தலையைத் தடவினான். தடவிய கையை எடுக்கவில்லை, அதற்குள் வாண்டு விலைச் சீட்டை உரக்கப் படித்தாள்.

சட்டம் சட்டம்தான். சொன்ன சொல்லை அவன் மீறுகிறவன் அல்ல. அவ்வளவு பெரிய தொகையை ஒரே நாளில் போட முடியாது என்பதால், வாங்காத சைக்கிளுக்குத் தவணை கட்ட ஆரம்பித்தான்.

இந்த வரியை எழுதிவிட்டு நானே கைதட்டினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

வாண்டுக்கு வழி புரிந்துவிட்டது. எவ்வளவு பெரிதாக ஆசைப்படுகிறோமோ அவ்வளவு மிச்சம். பொம்மைக் கடையில் ஒரு ரயிலை வேண்டாம் என்றாள். கைக்கடிகாரத்தை வேண்டாம் என்றாள். அதைவிட வேடிக்கை, அவனுக்கும் தொற்றிக்கொண்டது. தையல் சாமான் கடையில் புது மோட்டார் வந்திருந்தது. முன்பெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாக ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வருவான். இப்போது நிமிர்ந்து நின்று, மோட்டாரை ஏற இறங்கப் பார்த்து, "வேணாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பெரிய மனிதர் மாதிரி நடந்து வந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாக் கடைகளும் அவனுடையவை போல இருந்தன. கேட்டதற்கெல்லாம் வேண்டாம், கேட்காததற்கும் வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. டப்பா கனத்துக்கொண்டே வந்தது.

5

தங்கை வந்தாள், படித்தாள், பேனாவை நாலாம் பகுதியின்மேல் வைத்தாள்.

"அக்கா, கணக்கு உதைக்குதே."

என்ன உதைக்கிறது என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினாள். தேநீரை விட்டால் தேநீர்க் காசு மிஞ்சும், ஏனென்றால் அது எப்படியும் செலவாகியிருக்கும் காசு. சைக்கிளை விட்டால் எதுவும் மிஞ்சாது, ஏனென்றால் அதை அவர்கள் வாங்கப் போவதே இல்லை. பிறகு அந்தத் தவணை எங்கிருந்து வருகிறது? மளிகைத் துண்டிலிருந்துதான் வர வேண்டும். இவர்கள் சேமிக்கவில்லை, சமையலறையை எடுத்து டப்பாவுக்குள் அடைக்கிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அவள் சொல்லும்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை. டப்பா நிறைகிறதே என்று தையல்காரனோடு சேர்ந்து நானும் பூரித்துக்கொண்டிருந்தேன். நாலாம் பகுதியைத் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். பிறகு, எழுதியவளுக்கே தெரியாதது தையல்காரனுக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. என் தப்பை அப்படியே அவன் தலையில் கட்டிவிட்டேன்.* கதை அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கியது.

* துணியில் இந்தத் தவறை அவன் செய்யவே மாட்டான். இல்லாத துணியிலிருந்து சட்டைப்பை வெட்ட முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஆசைக்கு மட்டும் அளவுநாடா இல்லை.

சீருடைப் பருவத்தின் கடைசி வாரம். எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து வைத்து, சொட்டுச் சொட்டாக இறங்கக் காத்திருந்தார்கள். சோப்பு, நகத்தளவு தேய்ந்துபோய், கையில் எடுத்தால் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. பற்பசைக் குழலை வாண்டு கத்தரியால் பிளந்து வழித்தாள். (அப்பாவின் துணிக் கத்தரி அல்ல. அதைக்கொண்டு காகிதத்தை வெட்டினாலே அவன் அரை நாள் பேச மாட்டான். இது அவளுடைய பள்ளிக் கத்தரி.) கடைசியில் அரிசிப் பானையில் கையை விட்டால் பானைதான் கையில் பட்டது.

ஓட்டுநர் அன்று நண்பகலில் படியேறி வந்தபோது, அப்பாவும் மகளும் அந்தப் பானையின் இரண்டு பக்கமும் குந்தியிருந்தார்கள். இன்றைக்கு அரிசி வாங்க வேண்டாம், இருக்கிற ரொட்டியை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லி முடித்திருந்தான். வாண்டு கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அரிசி வேணாம்னு சொல்லிட்டீங்கல்ல? அப்போ அரிசிக் காசைப் போடுங்க."

அவன் கை நிஜமாகவே சட்டைப்பைக்குப் போயிற்று. ஓட்டுநர் வாசலிலேயே நின்று அந்தக் கையைப் பார்த்தாள். அது பாதி வழியில் நின்றது.

அவள் சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றினாள். சீருடையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் எழுதித்தான் அவளை இந்தப் பாடு படுத்துகிறேன்.

"ஏங்க, எனக்காகத்தானே இவ்வளவும்? எனக்கு அந்த வீடு வேணாம். விட்டுருவோம்" என்றாள்.

அவன் பானையையே பார்த்தான். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் நிஜமாக வந்தது இதுதான் முதல் தடவை. இத்தனை நாள் அவன் வாயில் அவ்வளவு மிடுக்காக இருந்தது, அவளிடமிருந்து வந்தபோது அதில் மிடுக்கே இல்லை.

வாண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு நீதிபதியின் வருத்தத்தோடு சொன்னாள்.

"அம்மா, அப்போ அந்த வீட்டு அட்வான்ஸை நீங்க டப்பாவுல போடணும்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. முதலில் சிரித்தது ஓட்டுநர்தான். மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு தரையிலேயே சரிந்துவிட்டாள். அவனுக்கும் தொற்றியது. வேண்டாம் என்று சொன்னால் கட்ட வேண்டும், வேண்டும் என்று சொன்னாலும் கட்ட வேண்டும், இந்த வீட்டில் தப்பிக்க வழியே இல்லை என்று அவன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தன் சட்டத்தில் என்ன வேடிக்கை என்று தெரியாமல் வாண்டு கொஞ்சம் முறைத்தாள். அப்புறம் அவளும் நடுவில் விழுந்தாள். தூங்க வேண்டிய நேரம் அப்படியே போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ சுவரைத் தட்டினார்கள்.

டப்பாவை இறக்கினார்கள். அன்றைக்கே மளிகைக்கு உரியதை மளிகைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் வந்தது. எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பொருளை விட்டால் மட்டுமே காசு போட வேண்டும். வாண்டு கடுமையாக எதிர்த்தாள், வாக்கெடுப்பில் தோற்றாள். நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். தேநீரும் ஐஸ்கிரீமும் சீருடைக் கூலியும் சேர்ந்து, நினைத்ததைவிட நன்றாகவே தேறியிருந்தது. ஆனாலும் அட்வான்ஸுக்குக் கொஞ்சம் குறைந்தது. மாதச் சம்பளம் ஒன்று வந்தால் ஈடாகிவிடும் அளவுதான். ஆனால் வீட்டைப் பார்க்க மறுநாளே வரச் சொல்லியிருந்தார்கள்.

6

இனி முடிவு. என்னிடம் இருப்பவற்றைக் கடை பரப்புகிறேன்.

(அ) வீட்டுக்காரம்மா இவர்கள் கதையைக் கேட்டு மனம் உருகி, "இருக்கறதைக் குடுங்கம்மா, போதும்" என்று சாவியைக் கையில் வைத்துவிடுகிறார். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. தங்கை, எந்த ஊரில் என்று மட்டும் கேட்டாள். தானும் அங்கே குடிபோகப் போவதாகச் சொன்னாள்.

(ஆ) முதல் பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து பணம் திரட்டித் தருகிறார்கள். இது நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேநீரை விட்டவன் அவன், தூக்கத்தை விட்டவள் அவள். கடைசிப் பக்கத்தில் யாரோ வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

(இ) வீடு வேறு யாருக்கோ போய்விடுகிறது. அவர்கள் பழைய அறைக்கே திரும்பி, அன்பு இருந்தால் ஓர் அறையே அரண்மனை என்று

அடித்துவிட்டேன். அன்பு இருந்தாலும் இயந்திரம் டகடகவென்றுதான் ஓடும்.

இதற்கிடையில் ஆசிரியர் கூப்பிட்டார். கட்டுரை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். வளர்ந்துகொண்டிருக்கிறது என்றேன். கடைசியில் வாசகர்களுக்கு ஒரு நல்ல யோசனையோடு முடியுங்கள் என்றார். என்னிடம் யோசனைக்கா பஞ்சம், எல்லாம் மேலே இருக்கிறதே.

ஒரு காரியம் செய்தேன். முடிவைத் தீர்மானிக்காமல், மூன்று பேரையும் அந்த வீட்டைப் பார்க்க அனுப்பிவிட்டேன். நான் பின்னாலேயே போனேன்.

7

மாடி வீடு வெறிச்சென்று இருந்தது. முன்னால் இருந்தவர்கள் படம் மாட்டியிருந்த இடங்களில் சுவர் மட்டும் வெளுத்துக் கிடந்தது. ஓட்டுநர் வேலை முடிந்து நேராக வந்திருந்ததால் சீருடையிலேயே இருந்தாள். வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்றவர், கீழே குடியிருப்பவர். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை எடுக்கும் நேரத்தையும் சொன்னார். சாயங்காலம் இன்னொரு குடும்பம் பார்க்க வருகிறது என்பதையும் சொன்னார்.

தையல்காரன் படியேறும்போதே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தான். கொஞ்சம் குறைகிறது, அடுத்த மாதச் சம்பளத்தில் தந்துவிடுகிறோம் என்கிற வாக்கியம். பணத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்கு முன்னால் வேறொரு சொல் வர வேண்டும், அதுதான் அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவ்வளவு நாள் கடை கடையாக வேண்டாம் என்று சொல்லிப் பழகிய நாக்கு. ஒருவரிடம் போய் எனக்கு இது வேண்டும் என்று அவன் கடைசியாகக் கேட்டது எப்போது என்று எனக்கே நினைவில்லை. நான் எழுதவே இல்லை போலும்.

முதலில் கதவைச் சோதித்துவிடலாம் என்றான். அவன் கட்டை விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தான், துணியின் கரையைத் தடவுகிற மாதிரி. கனமான கதவு. ஓட்டுநரை உள் அறைக்குப் போகச் சொன்னான். அங்கே கட்டில் வைப்பதாக இருந்தால் எந்த இடம் என்று பார்த்து, அங்கேயே படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்படி சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே போய், வெறுந்தரையில் ஜன்னல் ஓரமாகப் படுத்தாள். அவன் கதவைச் சாத்தினான்.

சோதிக்க இயந்திரம் வேண்டுமே. அது பழைய அறையில் இருந்தது. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கதவின் இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, இரண்டு பேரும் வாயாலேயே இயந்திரத்தை ஓட்டினார்கள். டகடகடகடக. அவன் நேர்த்தையல் போட்டான், வாண்டு பொத்தான் காஜா எடுத்தாள். அவன் வலது காலால் மிதியைக்கூட மிதித்தான். வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, இவர்களுக்கு வீடு கொடுக்கலாமா என்று முதல்முறையாக யோசித்தார்.

"அம்மா, கேக்குதா?" என்று வாண்டு கத்தினாள்.

பதில் இல்லை.

இன்னும் பலமாக ஓட்டினார்கள். நடுவில் நூல் அறுந்து, மாட்டி, மறுபடி ஓட்டினார்கள். பதில் இல்லை. அவன் கதவை மெல்லத் தள்ளி எட்டிப் பார்த்தான்.

அவள் தூங்கிவிட்டிருந்தாள். ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, ஜன்னல் வெயில் காலில் விழ, வெறும் சிமெண்டுத் தரையில் அப்படியொரு தூக்கம். காதில் பஞ்சு இல்லை. முகத்தில் அந்தச் சுருக்கம் இல்லை. எத்தனையோ நாளாக அவளுடைய நண்பகல் முகத்தை அவன் இப்படிப் பார்த்ததில்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான். இதை நான் திட்டமிடவில்லை என்று சத்தியம் செய்கிறேன். சோதனை முடிந்ததும் அவள் எழுந்து வந்து கணவனுக்குப் பதிலாகத் தானே பேசுவாள் என்றுதான் எழுத நினைத்திருந்தேன். ஓட்டுநர் நன்றாகப் பேசக்கூடியவள். அவள்தான் தூங்கிவிட்டாளே.

எழுப்பலாமா என்று வாண்டு கண்ணால் கேட்டாள். அவன் கூடாது என்று தலையை ஆட்டினான். கதவைப் பழையபடி சாத்தினான், சத்தம் வராமல்.

வீட்டுக்காரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார், அதை அவர் கணக்கில் வரவு வைக்கிறேன்.

"என்ன தம்பி, வீடு வேணுமா, வேணாமா?"

அவன் சட்டைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையைத் தொட்டான். வாண்டு அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவன் வாயைத் திறந்தான்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். வீட்டுக்காரம்மா குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்வாரா, ஒரு மாதம் பொறுப்பாரா, இல்லை சாயங்காலக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவாரா, எனக்குத் தெரியாது. அது அடுத்த பேச்சு. அதற்கு முன்னால் அவன் ஒரே ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். அதை அவன் வாயில் நான் போடலாம்தான், ஆனால் இவ்வளவு நேரம் கூடவே வந்தவர் நீங்கள். அவன் சார்பில் நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் மெதுவாக, உள்ளே அவள் தூங்குகிறாள்.